உறங்கும் இடம்

படிவம் ஆறில் முகவரிக் கட்டத்தை
பென்சிலால் முதலில் நிரப்பிப் பார்த்தேன்:
வேலூர், மண்டித் தெரு, வெங்காய வரிசை,
மூன்றாவது ஷட்டர், முன்படி.
கதவு எண் இல்லை.
கதவு இருக்கிறது, அது இவருடையதில்லை.

பெயர் சின்னப்பையன்.
வயது அறுபத்தொன்று என்றதும்
பக்கத்தில் சாக்குத் தைத்தவன் சிரித்தான்.
கணியம்பாடிப் பக்கம் வீடு இருந்ததாம்,
அண்ணன் மகன்கள் பிரித்துக்கொண்டார்களாம்.
பழைய அட்டை காட்பாடி ஸ்டேஷனில்
பையோடு போயிற்று.
ஊர்ப் பட்டியலில் ‘இடம் மாறிவிட்டார்’ என்று
என்னைப் போல ஒருத்தி கோடு போட்டிருக்கிறாள்.
பொய்யில்லை, மாறிவிட்டார்தான்.
எங்கே என்று கேட்க
அவள் தாளில் இடமிருந்திருக்காது.

வீடில்லாதவரிடம் சான்று கேட்கக் கூடாது,
வாக்குச்சாவடி அலுவலர் இரவில் போய்
அவர் அங்கே உறங்குகிறாரா என்று பார்க்க வேண்டும்,
ஓர் இரவு போதாது
என்றார்கள் தாலுகா ஆபீஸ் பயிற்சியில்.
டீ வந்துவிட்டதால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

பகலில் இருபத்திரண்டு பிள்ளைகளை
அங்கன்வாடியில் தூங்க வைப்பவள் நான்.
இரவில் ஒரு ஆள் தூங்குவதைப் பார்ப்பது
கூடுதல் பொறுப்பு.

முதல் இரவு பதினொன்றரை.
வீட்டுக்காரர் வண்டியை அணைக்காமல் நின்றார்.
டார்ச்சை விரலால் மறைத்து அடித்தேன்.
கோணிக்கு வெளியே இரண்டு பாதம்,
குதிகாலில் ஒட்டிய வெங்காயச் சருகு.
எழுப்பவில்லை.
திருடி போலத் திரும்பி வந்தேன்.

இரண்டாம் இரவு மழை.
படியில் ஒரு நாய் இருந்தது.
ஏ.டி.எம். வாசல், பூட்டிய டீக்கடை, கோட்டை எதிரே பஸ் நிழற்குடை,
நனைந்துகொண்டே தேடினேன்.
‘இருந்தார்’, ‘இல்லை’,
அறிக்கையில் இரண்டே சொல்.
மழைக்கு ஒரு சொல்லும் இல்லை.

காலையில் கடைக்காரரிடம் போனேன்,
இங்கேதான் படுக்கிறார் என்று
ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.
‘நாளைக்குப் படி என்னுதுன்னு சொன்னான்னா?’
பதினொரு வருஷமாக
ராத்திரிக்கு நாற்பது மூட்டையை
அந்த ஆளை நம்பி வெளியில் விட்டுப் போகிறவர்.
படியை மட்டும் நம்பி விட முடியவில்லை.

மூன்றாம் இரவு
சின்னப்பையன் உட்கார்ந்திருந்தார்.
தலை வாரி, சட்டைப் பொத்தான் போட்டு,
கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி.
தெருமுனையில் கர்னூல் லாரி இரண்டு
தார்ப்பாய் அவிழ்த்து நின்றன,
மற்றவர்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

‘நீங்க போகலியா?’

‘நீ வந்து பாக்கச் சொல்ல நான் இல்லன்னா
இன்னா எழுதுவம்மா?
நேத்தும் போவல. முந்தாநேத்தும் போவல.
முழிச்சிக்கினுதான் கீறேன்.’

இரண்டு ராத்திரிக் கூலியைக் கேட்கவில்லை,
கேட்டால் எந்தக் கட்டத்தில் போடுவது.
இங்கே உறங்குகிறார் என்பதற்காக
உறங்காமல் இருந்த மனிதர்
என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘நேரில் கண்டேன். இங்கு வசிக்கிறார்.’
அச்சிட்ட ‘உறங்குகிறார்’ மேல்
எனக்குக் கை போகவில்லை.

கையெழுத்து காய்வதற்குள்
துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு
லாரிக்கு ஓடினார்.

வண்டியில் ஏறும்போதுதான் உறைத்தது,
அட்டை தபாலில் வரும்.
தபால் பகல் பதினொரு மணிக்கு வரும்.
அந்நேரம் ஷட்டர் திறந்திருக்கும்,
படி முழுக்க மூட்டை,
தராசு, கூட்டம், கூச்சல்.
பகலில் அந்த முகவரியே இருக்காது.

தபால்காரர் ஜெயசீலனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்:
மண்டித் தெரு, மூன்றாவது ஷட்டர், முன்படி என்று
ஏதாவது வந்தால்
திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.
அங்கன்வாடியில் கொடுங்கள்.
பிள்ளைகள் தூங்கும் நேரம் என்றால்
கதவை மெல்லத் தட்டுங்கள்.